1922: மேதைகளை மேய்த்த வருஷம்

ஆங்கில இலக்கியம் நடத்தும் பேராசிரியர் யாரிடமாவது 1922 என்று சொல்லிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நவீன இலக்கியம் பிறந்த ஆண்டு அது. பிப்ரவரியில் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்'. அக்டோபரில் டி.எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்'. அதே அக்டோபரில் வர்ஜீனியா உல்ஃபின் 'ஜேக்கப்ஸ் ரூம்'. பிறந்தது வாஸ்தவம்தான். பிரசவ அறைக்கு வெளியே வெந்நீர் வைத்தவர்கள், துணி அலசியவர்கள், ஆஸ்பத்திரி பில் கட்டியவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்ததே, அவர்களைப் பற்றிப் பாடத்திட்டத்தில் ஒரு மார்க் கேள்வி கூடக் கிடையாது. எனக்கென்னவோ அந்த வருஷத்தின் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் எஸ்ரா பவுண்ட். கவிஞர், தரகர், உபதேசி, அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிற ஆசாமி. 1921 அக்டோபர் கடைசியில் ஜாய்ஸ் தன் நாவலின் இறுதிச் சொல்லை எழுதிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், அந்த நள்ளிரவோடு கிறிஸ்துவ சகாப்தம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். புது நாள்காட்டி ஒன்றும் போட்டார். அதன்படி 1922 என்பது யுலிசிஸுக்குப் பின் முதலாம் ஆண்டு. அந்த ஜனவரியில் போப் பதினைந்தாம் பெனடிக்ட் காலமானார். அதற்கும் பவுண்டின் அறிவிப்புக்கும் சம்பந்தமில்லை, நிமோனியா.

இதில் ஒரே சிக்கல், ஜாய்ஸ் நாவலை முடிக்கவே இல்லை. முடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு புரூஃபில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைத் திருத்தச் சொல்லி அனுப்பினால் ஓரமெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி புது வாக்கியங்களோடு திரும்பி வரும். அதை அச்சுக் கோத்து அனுப்பினால் அதன் ஓரத்திலும் ஊரும். இப்படியே நாவலின் மூன்றில் ஒரு பங்கு புரூஃபிலேயே எழுதப்பட்டது. டிஜோன் நகரத்து அச்சக முதலாளி மொரீஸ் டாரான்டியேர், இது செலவில் கொண்டுபோய் விடும் அம்மா என்று பதிப்பாளரை எச்சரித்தார். அவர் கேட்கிற அளவு புரூஃப் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. கடன் வாங்காமல் புத்தகம் போட்டவர் சொல்லும் பதில் அல்ல அது.

அம்மாவின் பெயர் சில்வியா பீச். அமெரிக்க இளம்பெண். பாரிஸில் ஓதெயோன் தெருவில் 12-ஆம் எண்ணில் 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' என்று புத்தகக்கடையும் வாடகை நூலகமுமாக ஒன்று நடத்திவந்தார். அதற்கு முன் ஒரு துண்டுப் பிரசுரம் கூடப் போட்டதில்லை. அப்படிப்பட்டவர் தலையில் இந்த நாவல் ஏன் விழுந்தது? நியூயார்க்கில் இதைத் தொடராக வெளியிட்ட 'லிட்டில் ரிவ்யூ' பத்திரிகையின் மார்கரெட் ஆண்டர்சனையும் ஜேன் ஹீப்பையும் 1921-இல் கோர்ட்டில் ஏற்றி, ஆபாசம் என்று தலைக்கு 50 டாலர் அபராதம் போட்டிருந்தார்கள். விசாரணையில் அந்தப் பகுதியை வாசித்துக் காட்ட முற்பட்டபோது, பெண் ஒருத்தி முன்னிலையில் இதை வாசிப்பதா என்று நீதிபதி ஒருவர் பதறினாராம். ஐயா, இதை வெளியிட்டதே அவர்தான் என்று வக்கீல் சொல்ல, எதை வெளியிடுகிறோம் என்று பாவம் அவருக்குத் தெரிந்திருக்காது என்றாராம் நீதிபதி. இது ஆண்டர்சனே எழுதிவைத்த கதை. அதற்கப்புறம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எந்த அச்சகத்துக்காரரும் கிட்ட வரவில்லை.

தட்டச்சு செய்தவர்கள் பட்ட பாடு தனி. விலைமாதர் விடுதி அத்தியாயத்தைத் தட்டச்சு செய்ய ஒருவர் மாற்றி ஒருவர் மறுத்து, கடைசியில் ஒரு பெண்மணி ஒப்புக்கொண்டார். அவருடைய கணவர் பிரிட்டிஷ் தூதரகத்தில் உத்தியோகம். மேஜை மேல் கிடந்த தாள்களை எடுத்து வாசித்தவர், சில பக்கங்களைக் கணப்பில் போட்டுவிட்டார். நவீன இலக்கியத்துக்குக் கிடைத்த முதல் நேர்மையான விமர்சனம் என்று இதைச் சொல்லலாம்.

ஜாய்ஸுக்கு நாள், நட்சத்திரம், எண் எல்லாவற்றிலும் நம்பிக்கை. இடிக்கும் பயம், நாய்க்கும் பயம். தன் 40-ஆவது பிறந்தநாளான பிப்ரவரி 2-ஆம் தேதிக்குப் புத்தகம் கையில் இருந்தாக வேண்டும் என்றார். அட்டைக்குக் கிரேக்கக் கொடியின் நீலம், அதே நீலம்தான் வேண்டும் என்று வேறு அடம். டாரான்டியேர் அந்த நீலத்தைத் தேடி ஜெர்மனி வரை போக வேண்டியதாயிற்று. நிறம் கிடைத்தது, காகிதம் தோதுப்படவில்லை. வெள்ளைத்தாளில் நீலத்தை அச்சிட்டுச் சமாளித்தார்கள். குறித்த நாள் காலை ஏழு மணிக்கு டிஜோன் எக்ஸ்பிரஸில் கண்டக்டர் கையில் இரண்டே பிரதிகள் வந்து இறங்கின. பீச் ஸ்டேஷனுக்கே போய் வாங்கி, ஒன்றை ஜாய்ஸ் வீட்டில் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் கடை ஜன்னலில் வைத்தார். சந்தா கட்டியவர்கள் கூடிவிட்டார்கள், அந்த ஒன்றையே எனக்குக் கொடு என்று. கிழித்துப் பங்கு போட்டுவிடுவார்களோ என்று பயந்து எடுத்து ஒளித்துவைத்தார். உள்ளே 732 பக்கம். ஆங்கிலம் தெரியாத பிரெஞ்சுக்காரர்கள் அச்சுக் கோத்ததால் பிழைகள் தாராளம். பொறுத்தருள்க என்று முன்பக்கத்தில் ஒரு மன்னிப்புச் சீட்டையும் பீச்சே அச்சிட்டிருந்தார். ஜாய்ஸ் வேண்டுமென்றே தப்பாக எழுதியது எது, அச்சுக் கோத்தவர் தப்பு எது என்று அறிஞர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். அது ஒரு பிழைப்பு.

மொத்தம் 1000 பிரதி. மலிவானதே 150 ஃபிராங்க், கையெழுத்திட்டது 350. பெர்னார்ட் ஷா வாங்குவாரா மாட்டாரா என்று பீச்சும் ஜாய்ஸும் பந்தயம் கட்டினார்கள். வாங்குவார் என்று சொன்ன பீச் தோற்றார். ஒரு ஐரிஷ்காரன், அதிலும் வயசான ஐரிஷ்காரன், புத்தகத்துக்குப் போய் 150 ஃபிராங்க் கொடுப்பான் என்று நினைத்தால் என் ஜனங்களை உமக்குத் தெரியவே தெரியாது என்கிற ரீதியில் பதில் எழுதிவிட்டார் ஷா. பந்தயத்தில் ஜாய்ஸுக்கு ஒரு பெட்டி சுருட்டு லாபம். அதற்கும் பணம் கொடுத்தது பீச்தான் என்பதைக் கவனிக்க.

அமெரிக்கச் சந்தாதாரர்களுக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்த விதம் சினிமா. இளம் ஹெமிங்வே ஒரு நண்பரைப் பிடித்துக் கொடுத்தார். அவர் கனடா எல்லையில் விண்ட்ஸரில் அறை எடுத்துக்கொண்டு, தினமும் படகேறி எதிர்க்கரை டெட்ராய்ட்டுக்குப் போவார், கால்சட்டைக்குள் ஒரு யுலிசிஸோடு. மதுவிலக்குக் காலம், சுங்கக்காரர்கள் விஸ்கியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் 732 பக்கத்தோடு விறைப்பாக நடந்த அந்த மனிதருக்குத்தான் நோபல் பரிசு போயிருக்க வேண்டும். அந்த வருஷ நோபல் ஸ்பானிய நாடக ஆசிரியர் ஹசிந்தோ பெனவென்தேக்குப் போனது. தெரியாதா? பரவாயில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ஜாய்ஸ் குடும்பத்துக்கு அரிசி பருப்பு யார் போட்டார்கள் என்றால், லண்டனில் இருந்த ஹாரியட் ஷா வீவர். பக்தி மிகுந்த குடும்பத்துப் பெண், குரல் உயர்த்திப் பேசியறியாதவர், தன் சொத்தை எடுத்து எடுத்து ஜாய்ஸுக்கு அனுப்பினார். ஜாய்ஸ் ரொம்பக் குடிக்கிறாராமே என்று யாரோ சொல்லக் கேட்டு, கவலையோடு ஒரு வரி விசாரித்தார். பதிலாக ஜாய்ஸ் எழுதியது ஒரு நீண்ட கடிதம். அதில் இல்லாத விஷயமில்லை, கேட்ட கேள்விக்கு நேரான விடையைத் தவிர. 1918-இலேயே யுலிசிஸ் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு உல்ஃப் தம்பதி வீட்டுப் படியேறியவரும் இவர்தான். எங்கள் கை அச்சில் இதை அடித்தால் இரண்டு வருஷமாகும் என்று அவர்கள் கைவிரித்தார்கள். 1922-இல் புத்தகமாக வந்ததும் வர்ஜீனியா படித்தார். முகப்பருவைச் சொறியும் காலேஜ் பையன்தான் டயரியில் அவருக்கு உவமையாக வந்தான். பொறாமை கொஞ்சம் கலந்திருக்கும். மேட்டுக்குடி மூக்குச்சுளிப்பு அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

மே 18. பாரிஸ் மஜெஸ்டிக் ஹோட்டல். ஸ்ட்ராவின்ஸ்கியின் புது பாலே அரங்கேறியதைக் கொண்டாட ஷிஃப் என்ற ஆங்கிலத் தம்பதி வைத்த விருந்து. பிக்காசோ, தியாகிலெஃப், ஸ்ட்ராவின்ஸ்கி, எல்லாரும் ஆஜர். ஜாய்ஸ் நேரம் கழித்து, விருந்துக்குரிய உடை இல்லாமல், ஏற்கெனவே குடித்துவிட்டு வந்தார். மார்செல் ப்ரூஸ்ட் ரோமக் கோட்டில் புதைந்து அதிகாலை இரண்டரை மணி வாக்கில் வந்தார், அவருக்கு அது சாயங்காலம். நூற்றாண்டின் இரண்டு மாபெரும் நாவலாசிரியர்கள் சந்தித்துக்கொண்ட ஒரே ராத்திரி. என்ன பேசினார்கள்? ஆளுக்கொரு கதை. ஒருவர் தலைவலி என்றார், மற்றவர் வயிறு சரியில்லை என்றார் என்று ஒன்று. உணவுக் காளான் பிடிக்குமா, பிடிக்கும் என்று ஒன்று. இன்ன பிரபுவைத் தெரியுமா, தெரியாது என்று ஜாய்ஸே சொன்னது ஒன்று. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரோடு நாம் பேசுகிற அதே பேச்சு. முடிந்ததும் ப்ரூஸ்டின் டாக்சியில் ஜாய்ஸும் தொற்றிக்கொண்டார். ஏறியதும் சிகரெட்டைப் பற்றவைத்து ஜன்னலைத் திறந்தார். ஆஸ்துமாக்காரர், காற்றென்றாலே பயந்து, சத்தம் கேட்காமலிருக்கத் தக்கை ஒட்டிய அறையில் வருஷக்கணக்காகப் படுத்துக்கிடந்த மனிதர் பக்கத்தில்! உடன் வந்த ஷிஃப் எட்டி ஜன்னலைச் சாத்தினார். ப்ரூஸ்ட் நவம்பரில் இறந்தார். அது வேறு காரணம், ஜாய்ஸைச் சும்மா சொல்லக்கூடாது.

எலியட் கதைக்கு வருவோம். லாய்ட்ஸ் வங்கியில் குமாஸ்தா. 1921 இலையுதிர்காலத்தில் நரம்புத் தளர்ச்சி என்று வங்கி மூன்று மாத லீவு கொடுத்தது. மார்கேட் கடற்கரை, லோசான் வைத்தியர் என்று சுற்றியதில் கவிதை ஒன்று தேறியது. ஆக, இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கவிதைக்கு மூலகாரணம் ஒரு மெடிக்கல் லீவு. மனைவி விவியன் ஓரத்தில் பென்சிலால் பாராட்டு எழுதினார். மதுக்கடைக் காட்சியில் ஒரு வரியே அவருடையது. பிறகு எலியட் அதைப் பாரிஸில் பவுண்டிடம் கொடுத்தார். பவுண்ட் பத்தி பத்தியாக அடித்து ஏறக்குறைய பாதியாக்கிவிட்டு, நான்தான் இதற்கு மருத்துவச்சி என்று தானே ஒரு கிண்டல் பாட்டும் எழுதினார். மிச்சம் 434 வரி.

இந்த 434 வரிக்கு நடந்த பேரம் மாட்டுச்சந்தையைத் தோற்கடிக்கும். 'டயல்' பத்திரிகை 150 டாலர் தருகிறேன் என்றது. எழுத்தாளர் ஜார்ஜ் மூருக்கு ஒரு சிறுகதைக்கு 100 பவுண்டு கொடுத்தார்களாமே என்று எலியட் காதுக்கு எட்டியது. சாதுவான குமாஸ்தா கொதித்துப்போய்த் தந்தி அடித்தார். தந்தி இலாகாவின் கைங்கரியத்தில் எண்களுக்கு நடுவே ஆச்சரியக்குறிகள் புகுந்து, அது 856 பவுண்டுக்குக் குறைந்து முடியாது என்று போய்ச் சேர்ந்தது. ஆசிரியர் ஸ்கோஃபீல்ட் தேயர் வியன்னாவில் உட்கார்ந்து அந்தத் தொகையைப் பார்த்து விழித்தார். கடைசியில் டயலின் 2000 டாலர் விருதை எலியட்டுக்கே தருவது என்று கவிதை வெளியாவதற்கு முன்பே முடிவு செய்து சமாதானமானார்கள். விருதுக் குழு முதலில் ஆளைத் தீர்மானித்துவிட்டு அப்புறம் படைப்பைத் தேடும் வழக்கம் நம் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோமே!

டிசம்பரில் பதிப்பாளர் லிவரைட் கவிதையைப் புத்தகமாகப் போட்டபோது பக்கம் போதவில்லை. எலியட் அடிக்குறிப்புகளை எழுதி நிரப்பினார். பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டது இது. அந்தக் குறிப்புகளை வைத்து எத்தனை டாக்டர் பட்டங்கள்!

பவுண்டுக்கு இன்னொரு யோசனை. முப்பது பேர் தலைக்கு வருஷம் 10 பவுண்டு போட்டால் எலியட்டை வங்கியிலிருந்து மீட்டுவிடலாம். வசூல் தொடங்கியது. எலியட் கூச்சத்தில் நெளிந்தார், வங்கிக்காரர்கள் காதில் விழுந்தால் உள்ள வேலையும் போகும். வங்கி மீட்புக்கென்று ஒதுக்கிய பணத்தைக் குதிரைப் பந்தயத்தில் கட்டித் தோற்றதாக ஹெமிங்வே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை, இதை நம்பலாம். அந்த டிசம்பரில் அவருக்கே பெரிய இடி. லோசானில் இருந்த கணவனுக்கு ஆச்சரியம் தரலாம் என்று மனைவி ஹேட்லி அவருடைய கதைகள் ஏறக்குறைய அத்தனையையும், கார்பன் நகல்களையும் சேர்த்து, ஒரே பெட்டியில் வைத்தார். பாரிஸ் ரயில் நிலையத்தில் பெட்டி திருட்டுப்போனது. திருடனின் அன்றைய வரும்படி: ஹெமிங்வேயின் ஆரம்பகால எழுத்து, ஒவ்வொன்றும் இரண்டு காப்பி.

எலியட் வங்கியிலேயே இருந்தார், 1925 வரை. பிறகு ஒரு பதிப்பகத்தில் சேர்ந்து, மேய்க்கப்பட்டவர் மேய்ப்பரானார். 1944-இல் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கையெழுத்துப் பிரதி அனுப்பினார், 'விலங்குப் பண்ணை'. எலியட் படித்தார். நடையை மெச்சினார். இன்னும் கொஞ்சம் பொதுநல உணர்வுள்ள பன்றிகள் தேவை என்று குறிப்பெழுதி, திருப்பி அனுப்பிவிட்டார்.