கொஞ்சம் பனிதானே என்று போகாதீர்கள்!

கே: கொலராடோ மலைகளில் அக்டோபர், நவம்பரில் கணுக்கால் அளவு பனிதான் இருக்கும். அதிலுமா பனிச்சரிவு வரும்?

ப: வரும். தெற்குப் பார்த்த சரிவில் விழுந்த பனி வெயிலில் கரைந்துவிடும். வடக்குப் பார்த்த சரிவிலும், காற்று அள்ளிக்கொண்டுவந்து கொட்டும் முகட்டோரப் பள்ளங்களிலும் தங்கிவிடும். சறுக்கப் போகிறவர் தேடிப் போவதும் அந்த இடங்களைத்தான். மலைக்குப் பனி குறைவுதான். உங்கள் காலடியில் குறைவில்லை.

கே: நாளானால் பழைய பனி இறுகிவிடாதா?

ப: ஆழமான பனி இறுகும். மெல்லிய பனியில் நடப்பது நேர்மாறு. தரையையொட்டிக் கிட்டத்தட்ட 0 டிகிரி, மேலே இரவுக் குளிர் மைனஸ் 15, நடுவில் 30 சென்டிமீட்டர் பனி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி வித்தியாசம் இருந்தாலே நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்களைக் கூர்விளிம்புப் படிகங்களாக மாற்றத் தொடங்கிவிடும். இங்கே வித்தியாசம் ஐந்து மடங்கு! அந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. அள்ளினால் சீனிபோல உதிரும். அடுத்த புயல் அதன்மேல் கனத்த பாளத்தை ஏற்றிவைக்கும். அடித்தளம் உதிரி, மேல்தளம் பாரம். மீதி வேலையை உங்கள் எடை முடித்துவிடும்.

கே: எந்தச் சரிவை ஒதுக்க வேண்டும்?

ப: 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்தவற்றை. சறுக்க அருமையான சாய்வும் அதுதான், பாளம் பெயரும் சாய்வும் அதுதான். 30-க்குக் கீழே சறுக்குங்கள். தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு தொடங்குகிறதா என்றும் பாருங்கள். அடிவாரத்தில் நடந்தே மேலே உள்ள பாளத்தைப் பெயர்த்துவிட முடியும்.

கே: மலை முன்கூட்டியே எச்சரிக்குமா?

ப: பல நேரம் எச்சரிக்கும். காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கும் சத்தம், பாதத்திலிருந்து ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாய்ப் பெயர்ந்த தடம். ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். ஆனால் எதுவும் தென்படாததை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கே: நேற்று நான்கு பேர் சறுக்கிய தடம் இருக்கிறதே?

ப: நான்கு பேர் பிழைத்தார்கள் என்பதற்கு அது சாட்சி. சரிவு உறுதியானது என்பதற்கு அல்ல. பலவீனமான புள்ளியை ஐந்தாவது ஆள் மிதிக்கலாம்.

கே: ஸ்கீ ரிசார்ட் இன்னும் திறக்கவில்லை. அதற்குள் அங்கே ஏறிச் சறுக்கலாமா?

ப: திறந்த பிறகு அது பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், பணியாளர்கள் வெடிவைத்துப் பாளங்களை முன்கூட்டியே சரியவைப்பதுதான். திறக்கும்வரை அதுவும் காட்டுமலைதான்.

கே: அபாய அளவு ஐந்தில் மூன்று என்று கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் சொன்னால், நடுத்தரம்தானே?

ப: இல்லவே இல்லை! படிக்குப் படி ஆபத்து பன்மடங்கு ஏறுகிறது. ஐந்து என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மூன்று என்றால் துணிந்து கிளம்புகிறார்கள். உயிரிழப்பு அந்த நாட்களில்தான் அதிகம்.

கே: புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவியான டிரான்ஸீவர், துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் வைத்திருக்கிறேன். போதுமா?

ப: மூன்றும் கட்டாயம் வேண்டும். அவற்றைப் பழகிய கூட்டாளியும் வேண்டும். புதைந்தவரால் தன்னைத் தானே தோண்டிக்கொள்ள முடியாது. முதல் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், பிறகு வேகமாகச் சரியும். ஆனால் சீசன் தொடக்கத்தில் பாறையும் மரக்கட்டையும் மூடப்படாமல் கிடக்கும். சின்னப் பனிச்சரிவு இழுத்துப்போய் அவற்றில் மோதவிட்டாலே உயிர் போகும். அந்த மோதலைத் தடுக்கும் கருவி மூன்றில் ஒன்றுகூட இல்லை.

கே: அப்படியானால் எல்லாம் விதியா?

ப: இல்லை, அதுதான் நல்ல செய்தி. பனிச்சரிவில் இறப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைத் தூண்டியது அவரோ அவரோடு வந்தவரோதான். எனவே தடுப்பதும் பெரும்பாலும் நம் கையில்தான். கொலராடோவில் மே மாதத்திலும் சறுக்கலாம். நவம்பரில் விட்டுவைத்த சரிவு, பனி இறுகிய வசந்த காலக் காலையிலும் அங்கேயே இருக்கும். நீங்களும் இருக்க வேண்டும். அதற்காக இன்று திரும்பி வாருங்கள்.