பதின்மூன்று பிடிப்பவர்

கிடார் கற்கப் புகும் இளைஞர்களிற் பெரும்பாலோர் மூன்று கார்டுகளோடு நின்று, அம்மூன்றையே மூலதனமாக வைத்துக் கல்லூரி விழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் ஓரளவு கீர்த்தி சம்பாதித்து, பிறகு உத்தியோகம், விவாகம் முதலிய லௌகிகங்களில் மறைந்துபோகிறார்கள். அவர்களால் லோகத்துக்கு ஒரு கெடுதியும் இல்லை. நான் சொல்லவந்தது, அம்மூன்றையும் அற்பமென்று உதறிவிட்டு ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஏறிவிட்டவரைப் பற்றி. இவ்வகைப் பிரகிருதி பட்டணங்களில் மலிவு. எனக்கு வாய்த்தவர் விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்தில் வசிக்கிறார்.

இடக்கை விரல் நுனிகளில் காய்த்திருக்கும் தழும்பைப் பிறர் தங்கப் பதக்கத்தைக் காட்டுவது போன்ற அடக்கத்தோடு காட்டுவார். நெய்வேலி டவுன்ஷிப்பில் சில மாதம் பாடம் கேட்டார். குருநாதர் ஜி செவன்த் என்னும் படியில் நின்று ஒரு பாட்டை முழுமையாக வாசிக்கச் சொன்னதும், இனி அவரிடம் கற்க ஒன்றுமில்லை என்று தீர்மானித்து விலகிவிட்டார். “ராஜா சாரே தன்ராஜ் மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டுத்தாண்ணே வந்தாரு” என்று யாராவது நினைவூட்டினால், “அதான் நானும் சொல்றேன், தியரி இல்லாம முடியாது” என்பார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அந்தத் தியரியோடு பாட்டுகளும் இருந்தன என்பது அவர் விவகாரத்துக்கு அப்பாற்பட்டது.

அவருடைய சாஸ்திரத்தையும் குறை சொல்வதற்கில்லை. ஜி செவன்த் என்பது ஜியை ஷட்ஜமாகக் கொண்டால் ஸ, க, ப, நி என்ற நான்கு ஸ்வரங்கள். ஸ்தாயியைத் தாண்டி எண்ணிக்கொண்டே போனால் மேல் ரிஷபம் ஒன்பதாவது, மத்யமம் பதினொன்றாவது, தைவதம் பதின்மூன்றாவது. இவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏழு ஸ்வரங்களும் வந்து நிற்கின்றன. அந்த ஏழும் எவை என்று பார்த்தால், ஷட்ஜம், சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம் என்று இருபத்தெட்டாவது மேளமாகிய ஹரிகாம்போதி அச்சாக அப்படியே இருக்கிறது! 1929-இல் நிறுவப்பட்டு, டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் சங்கீதம் போதித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்க, நம்மவர் அதே ஹரிகாம்போதியை அமெரிக்க ஜாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து கண்டுபிடித்தது ஒரு வகையில் மெச்சத்தக்கதே.

ஆனால் ஸ்வரங்கள் ஏழு, தந்திகள் ஆறு, அழுத்தக்கூடிய விரல்களோ நான்கு. ஆகவே தியாகம் செய்தே தீரவேண்டும். காந்தாரத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அரை ஸ்வரந்தான். இரண்டையும் சேர்த்து ஒலித்தால் உரசும் என்பதால் பதினொன்றாவது முதலில் கழிகிறது. பஞ்சமம் இல்லாவிட்டாலும் கார்டின் குணம் மாறுவதில்லை, அதுவும் போகிறது. ஒன்பதாவதுக்கு விரல் இல்லை. எஞ்சியவற்றுக்காக ஆள்காட்டி விரல் ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டை அழுத்தி, தன் நுனியாலேயே ஐந்தாம் தந்தியை ஊமையாக்கவேண்டும். நடுவிரல் நான்காம் தந்தியில் அதே ஃபிரெட்டிலும், மோதிரவிரல் மூன்றாம் தந்தியில் நான்காம் ஃபிரெட்டிலும், சுண்டுவிரல் இரண்டாம் தந்தியில் ஐந்தாம் ஃபிரெட்டிலும் நிலைபெற வேண்டும். நம்மவர் இந்த யோகாசனத்தை அடைவதற்குள் உதட்டைக் கடித்து, ஒரு கண்ணை மூடி, தோளை உயர்த்தும் காட்சிக்கே கட்டணம் வாங்கலாம். ஒலி அற்புதமாகத்தான் இருக்கும், ஒரு முறை.

தொல்லை அதன் பிறகே ஆரம்பம். இந்த வகைக் கார்டுக்குத் தன்னில் தானே நிற்கும் சுபாவம் கிடையாது. ஜி தர்ட்டீன்த் ஒலித்தால் அது சி மேஜரில் போய் இறங்கவேண்டும் என்று கேட்பவர் காது தவிக்கும். சி மேஜரோ குழந்தைகளுக்கு முதல் பாடத்தில் கற்பிக்கப்படுவது. அதைத் தொடுவது தம் அந்தஸ்துக்கு இழுக்கு என்று கருதும் நம்மவர், பதின்மூன்றை ஒலித்துவிட்டுக் கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார். வரவேண்டிய தும்மல் வராமல் நின்றுவிட்டது போன்ற அவஸ்தையில் தெரு முழுதும் அன்றிரவு உறங்கச் செல்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி, காரணம் தெரியாமலே, “அந்தப் புள்ளைய முடிச்சிட்டுப் போவச் சொல்லுங்கடி” என்று முணுமுணுப்பதை நானே கேட்டிருக்கிறேன். சங்கீத ஞானம் என்பது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது!

பாட்டுப் பாடும் சிறுமி ஒருத்திக்குப் பக்கவாத்தியமாக இவரை ஒரு காதுகுத்து வைபவத்தில் உட்காரவைத்தார்கள். குழந்தை இரண்டு வரி பாடியதும், நேர்ச்செவன்த் போதுமான இடத்தில் ஒன்பதாவதைக் கூராக்கிப் பிடித்தார். 1967-இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டில் பிரசித்தமாக்கிய பிடி அது. குழந்தை பாட்டை நிறுத்தி அம்மாவைத் தேடியது. “இவுங்களுக்கு காது பழகல” என்றார் நம்மவர், காது குத்திக்கொண்ட கைக்குழந்தை வீறிட்டு அலறுவதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்து.

கோயில் உற்சவத்துக்கு வாசிக்க வந்திருந்த முதிய நாகஸ்வர வித்வான் ஒருவர், மாலையில் இவர் வீட்டுத் திண்ணையில் இளைப்பாறும்போது பதின்மூன்றாவதின் மகிமையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

“ஏந்தம்பி, ஹரிகாம்போதி முழுசையும் ஒரே பிடியில கொட்டிட்டா, சாமி நாலு வீதியும் சுத்தி வர்ற வரைக்கும் என்னத்தை வாசிப்ப?”

“முழுசும் இல்லீங்கய்யா! அஞ்சாவதை விட்டுட்டேன், ஒம்பதாவதை விட்டுட்டேன், பதினொண்ணையும் விட்டுட்டேன்” என்று பதறிய நம்மவர், ஒவ்வொன்றையும் எதற்காக விட்டார் என்று ஆதியோடந்தமாக விளக்கத் தொடங்கினார். அன்று அவர் விடாதது பேச்சு ஒன்றைத்தான். வித்வானோ விருத்தாசலத்துக் கடைசி பஸ்ஸை விட்டார்.