ஊரான் வீட்டு நெய்

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய அமெரிக்கப் பணக்காரர்கள், திரும்பும்போது கொஞ்சம் பிரபுத்தனமும் அதைக் காட்டிக்கொள்ள டிப்ஸ் கொடுக்கும் பழக்கமும் கொண்டுவந்தார்கள். சம்பளத்துக்கு மேலே கிடைப்பதுதான் டிப்ஸ். மேலே எதற்கு, அதையே சம்பளமாக்கிவிட்டால் என்ன என்ற ஞானோதயம் உள்ளூர் முதலாளிகளுக்கு வந்தது.

ஞானிகளில் மூத்தவர் ஜார்ஜ் புல்மன். ரயிலில் படுக்கைப் பெட்டி விட்ட மகான். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பினத்தவரைப் போர்ட்டர்களாக எடுத்தார். படுக்கை விரிக்க வேண்டும், ஷூவுக்குப் பாலிஷ் போட வேண்டும், தூங்க மட்டும் கூடாது. பயணிகள் எல்லாப் போர்ட்டரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள். முதலாளி தன் பெயரையாவது தாராளமாகக் கொடுத்தார், சம்பளம்தான் இடித்தது. 1915-இல் அரசு விசாரணைக் குழு குடைந்தபோது விஷயம் அம்பலமானது: மாதம் 27.50 டாலர், மிச்சத்தைப் பயணிகள் பார்த்துக்கொள்வார்கள். கம்பெனி சார்பில் பதில் சொன்ன தலைவர் ராபர்ட் டாட் லிங்கன். சாட்சாத் ஆபிரகாம் லிங்கனின் பிள்ளை! அப்பா விடுதலை கொடுத்தார். பிள்ளை டிப்ஸை நம்பி விட்டார்.

இடையில் வாஷிங்டன் உட்படச் சில மாநிலங்கள் டிப்ஸையே சட்டவிரோதமாக்கிப் பார்த்தன. 1926-க்குள் எல்லாச் சட்டமும் போய்ச் சேர்ந்தது.

1938-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது: மணிக்கு 25 சென்ட். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் ரயில் நிலையத்தில் சிவப்புத் தொப்பிச் சுமைதூக்கிகளுக்கு அதுவரை சம்பளமே கிடையாது, டிப்ஸ்தான். இனி நிர்வாகம் பணப்பெட்டியைத் திறந்துதானே ஆகவேண்டும்? திறந்தது நோட்டுப் புத்தகத்தை. "வாங்கும் டிப்ஸைத் தினமும் எழுதிக் கொடுங்கள். 25 சென்டுக்குக் குறைந்தால், குறைவதை நாங்கள் போடுகிறோம்." பயணி போட்ட காசு அன்று முதல் நிர்வாகம் கொடுத்த கூலி ஆயிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் இதைத் தடுக்கவில்லையே என்று 1942-இல் நீதிபதிகள் நெய்யை ஆசீர்வதித்தார்கள்.

ஹோட்டல்காரர்களைச் சட்டம் 1966-இல்தான் தொட்டது, அதுவும் வலிக்காமல்: குறைந்தபட்சக் கூலியில் பாதிவரை டிப்ஸைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். 1991-இல் அந்த மறுபாதி, அதாவது முதலாளி கையிலிருந்து வரவேண்டியது, மணிக்கு 2.13 டாலர். 1996-இல் அதை அங்கேயே ஆணியடித்துவிட்டார்கள். பொதுக் கூலி 7.25-க்கு ஏறியும் 2.13 அசையவில்லை. டிப்ஸ் போதாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதுதான். நாளைக்கு எந்த ஷிஃப்ட் என்று முடிவு செய்பவரிடம் போய் அதைக் கேட்பது சர்வரின் சாமர்த்தியம்.

கலிஃபோர்னியா உட்பட ஏழு மாநிலங்களில் இந்தக் கழிவு கிடையாது. அங்கேயும் மக்கள் ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மெய்ன் மாநிலமும் 2016 வாக்கெடுப்பில் கழிவை ஒழிக்க முடிவு செய்தது. சம்பளம் ஏறினால் வாடிக்கையாளர் டிப்ஸைச் சுருக்கிவிடுவார் என்று பயந்து, சர்வர்களே திரண்டுபோய்ப் பழைய முறையைக் கேட்டார்கள். 2017-இல் கிடைத்தது. தொழிலாளர் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்று ஹோட்டல் முதலாளிகள் இவ்வளவு உருக்கமாக வாதாடியதை அதற்கு முன் யார் பார்த்தார்கள்?