செயலியாருக்கு ஒரு மேஷ ராசிக்காரனின் விண்ணப்பம்

அனுப்புநர்: மேஷ ராசிக்காரன் ஒருவன்.
பெறுநர்: ஜோதிடச் செயலி நிர்வாகத்தார்.
பொருள்: "சுயவிவரத்தைச் சேமிக்கவும்" என்னும் தங்கள் ஓயாத அன்பு – தொடர்பாக.

ஐயா,

இன்றைய ராசிபலன் பார்க்க வந்தவனிடம் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், செல்பேசி எண் எல்லாவற்றையும் வாசலிலேயே கேட்கிறீர்கள். கல்யாணத் தரகர்கூட ஒரு வாய் காபி குடித்த பிறகுதான் ஜாதகத்தை எடுக்கச் சொல்வார். மேஷத்தார் எல்லாருக்கும் தாங்கள் எழுதுவது ஒரே நாலு வரி. "வண்டியில் நிதானம் தேவை" என்று சொல்ல நான் பிறந்த நிமிடம் எதற்கு?

சேமிப்பதே வீண் என்று சொல்லவில்லை. லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மாறும். பிறந்தபோது சந்திரன் நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் கடந்திருந்தான் என்பதை வைத்துத்தான் 120 ஆண்டு விம்சோத்தரி தசையில் இருப்பு கணிக்கிறார்கள். ஆகவே, அடுத்த புக்தி எப்போது என்று அடிக்கடி எட்டிப் பார்ப்பவருக்குச் சேமிப்பு லாபம். மகளுக்கு வரன் தேடும் அப்பாவுக்கும் லாபம்தான். பத்துப் பொருத்தத்துக்கு இருவரின் நட்சத்திரமும் ராசியும் போதும்; செவ்வாய் தோஷமும் தசா சந்தியும் பார்க்கக் கட்டம் வேண்டும். வரும் ஒவ்வொரு வரனுக்கும் பெண்ணின் விவரத்தை முதலிலிருந்து தட்டிக்கொண்டிருக்க முடியுமா?

இவ்வளவு கேட்கும் தாங்கள், கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை: வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா? திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் போய், எனக்கு ஏழரையைத் தொடங்கிவைத்தார். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றிலோ பெயர்ச்சி 2026இல்தான். ஏறக்குறைய ஓராண்டுச் சலுகை! பஞ்சாங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியில்லாத சுயவிவரத்தால் எனக்கு என்ன பயன்?

இன்னொன்று. ஆதார் அட்டையின் மின்கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். இரண்டும் தங்கள் கையில். குறித்த நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தாங்களோ "சேமி" பொத்தானை லக்னத்தில் உட்காரவைத்து, "நீக்கு" பொத்தானை எட்டாமிடத்தில் மறைத்துவிட்டீர்கள்.

ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து,

1. ராசிபலனுக்கு ராசியை மட்டும் கேட்கவும்.
2. கட்டம் போட்டுப் பார்த்தவர் மறுபடி வந்தால், அப்போது சேமிக்கலாமா என்று கேட்கவும்.
3. பஞ்சாங்கத்தை எங்கள் விருப்பத்துக்கு விடவும்.
4. நீக்கச் சொன்னால் பரிகாரம் சொல்லாமல் நீக்கவும்.
5. "விரயச் சனி, வீண் செலவு வேண்டாம்" என்று பலன் எழுதிவிட்டு, அதற்குக் கீழேயே ஆண்டுச் சந்தா விற்பதை நிறுத்தவும். தங்கள் பலனை நம்பித்தான் நான் சந்தா கட்டவில்லை.

இப்படிக்கு,
தங்கள் பலனைத் தவறாமல் கடைப்பிடிக்கும்
பயனர்