பத்தாம் நம்பர் போட்டால் போதுமா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி கால்பந்து. அதிலும் பெரும்பாலானவை ‘உண்மையான பிளேமேக்கர் யார்’ என்ற ஒரே சண்டையைச் சேர்ந்தவை. அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். அரசியல்வாதிகள் அதற்குள் எங்கேயும் போய்விட மாட்டார்கள்.

கே: அதிக அசிஸ்ட் கொடுப்பவர்தானே உண்மையான பிளேமேக்கர்? எங்கள் தெருவில் இதை வைத்து இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்தியே விட்டார்கள். ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லவும். (வியாசர்பாடி வாசகர்)

ப: இல்லை.

தீர்ப்பு முடிந்தது, இனி விளக்கம். பிரிமியர் லீக்கில் 2002-03 சீசனில் தியரி ஹென்றி 20 அசிஸ்ட் கொடுத்தார். 2019-20இல் கெவின் டி ப்ரூய்னா அதைச் சமன் செய்தார். டி ப்ரூய்னா மிட்ஃபீல்டர், சரி. ஆனால் ஹென்றி அதே சீசனில் 24 கோல் போட்ட ஸ்ட்ரைக்கர். அவர்தான் பிளேமேக்கர் என்றால் பக்கத்தில் ஆடிய பெர்க்காம்ப் என்ன செய்துகொண்டிருந்தாராம்?

அசிஸ்ட் கணக்கு கடைசிப் பாஸை மட்டும்தான் எழுதிக்கொள்ளும். 2006 உலகக் கோப்பையில், கெல்சன்கிர்ஷன் நகரில், செர்பியா-மாண்டினீக்ரோவை அர்ஜென்டினா 6-0 என்று துவைத்த ஆட்டத்தின் இரண்டாவது கோலை யூடியூபில் தேடிப் பாருங்கள். இருபதுக்கும் மேற்பட்ட பாஸ்கள். பந்து இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வருகிறது, பின்னால் போகிறது, எதிரணிக்காரர்களுக்குத் தலை சுற்றுகிறது. கடைசியில் கிரெஸ்போ குதிகாலால் தட்டிவிட, காம்பியாஸோ அடித்தார். கோல் காம்பியாஸோ கணக்கில், அசிஸ்ட் கிரெஸ்போ கணக்கில். நடுவில் பந்தை வாங்கி வாங்கி, அவசரமே இல்லாமல் திசை மாற்றிக்கொண்டிருந்த ஹுவான் ரோமன் ரிக்கெல்மே கணக்கில் ஒன்றுமில்லை. உங்கள் தெருவின் அந்த இருவரையும் உட்காரவைத்து இந்த கோலைப் போட்டுக் காட்டுங்கள். பேச ஆரம்பித்துவிடுவார்கள், திட்டிக்கொள்ளவாவது.

கே: பிளேமேக்கர் என்றால் 10ஆம் நம்பர் ஜெர்சி என்பது எழுதப்படாத சட்டம் இல்லையா? (தூத்தூர் வாசகர்)

ப: எழுதப்படாததால்தான் யாரும் மதிக்கவில்லை. 1970 உலகக் கோப்பையில் பிரேசிலின் 10 பெலேதான். ஆனால் ஆட்டத்தை நடுவில் நின்று நடத்தியவர் 8ஆம் நம்பர் ஜெர்சன். பிர்லோ 21, குரூஸ் 8, பார்சிலோனாவில் ஷாவி 6. இன்னும் பின்னால் போனால் ஹங்கேரியின் ஹிடெக்குட்டி. 1953 நவம்பரில் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்திய ஆட்டத்தில் அவர் முதுகில் இருந்தது 9. சென்டர் ஃபார்வர்டின் நம்பரைப் போட்டுக்கொண்டு மனிதர் நடு மைதானத்துக்கு இறங்கி வந்து நின்றுகொண்டார். அவரைப் பின்தொடர்ந்து போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் யோசித்து முடிப்பதற்குள் ஹிடெக்குட்டி மூன்று கோல் போட்டுவிட்டார்.

கே: கோல் போஸ்டுக்கு அரை மைல் தள்ளி, டிஃபென்டர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு பந்தைத் தள்ளிவிடும் பிர்லோவையெல்லாம் பிளேமேக்கர் என்று எழுதுகிறீர்களே, நியாயமா? (கோவை வாசகர்)

ப: கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுபவர்தான் நம் கண்ணில் படுவார். தூணோரம் நின்று ‘மூணாவது வரிசைக்கு ரசம், அந்தப் பெரியவருக்கு இன்னொரு அப்பளம்’ என்று குரல் கொடுக்கும் மாமா இல்லாவிட்டால் பந்தி என்ன ஆகும் என்பது அவர் டீ குடிக்கப் போனால்தான் தெரியும்.

பிர்லோவும் தொடக்கத்தில் நீங்கள் விரும்புகிற இடத்தில்தான் ஆடினார், ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால். 2001இல் பிரெஷியாவுக்குக் கடனாகப் போனபோது அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார், பெயர் ரொபெர்டோ பாஜ்ஜோ. பாஜ்ஜோவை நகரச் சொல்லும் தைரியம் யாருக்கு உண்டு? கோச் மட்சோனே பிர்லோவைப் பின்னால் இறக்கினார். அந்த ஏப்ரலில் டூரினில் யுவென்டஸுக்கு எதிராக, பின்னாலிருந்து பிர்லோ தூக்கிப் போட்ட பந்து பாஜ்ஜோவின் காலில் பஞ்சு மாதிரி இறங்கியது. அதே தொடுதலில் அவர் கோலியைத் தாண்டிப் போய்விட்டார். பின்னால் நின்றால் மைதானம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரிகிறது, மேலே விழுந்து பிடுங்க வருபவர்களும் குறைவு. ஏ.சி. மிலானில் அன்செலோட்டி இதையே நிரந்தர ஏற்பாடாக்கினார்.

அரை மைல் என்றீர்களே, அதற்கும் பதில் உண்டு. 2006 உலகக் கோப்பை அரையிறுதி, டோர்ட்மண்ட், எதிரே ஜெர்மனி, 119ஆவது நிமிடம். கார்னரில் இருந்து விலக்கப்பட்ட பந்து பெனால்ட்டி பாக்ஸின் விளிம்பில் பிர்லோவிடம் வருகிறது. பெனால்ட்டி ஷூட் அவுட்டுக்கு ஒரு நிமிடம்தான் பாக்கி. நீங்களும் நானும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு உதைத்திருப்போம். அவர் உதைக்கவில்லை. பந்தை ஒட்டியபடியே பக்கவாட்டில் நகர்கிறார். இதோ அடிக்கப்போகிறார் என்று ஜெர்மன்காரர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் திரும்புகிறார்கள். எல்லோரும் திரும்பியபின், அந்தப் பக்கம் பார்க்கவே பார்க்காமல், இடைவெளிக்குள் பந்தை நழுவவிட்டார். அங்கே க்ரோஸோ காத்திருந்தார். இடது காலால் வளைத்தார், கோல்.

கே: என் மகன் பயிற்சியில் ஓடவே மாட்டேன் என்கிறான். கேட்டால் ‘ரிக்கெல்மேயும் நடந்துதான் ஆடினார்’ என்கிறான். நீங்கள்தான் கெடுத்தீர்கள். (மதுரை வாசகி)

ப: அம்மா, ரிக்கெல்மே நடந்தார், உண்மைதான். சுற்றிலும் பார்த்துக்கொண்டே நடந்தார் என்பதையும் பையனிடம் சொல்லுங்கள். ஷாவி ஆடும் பழைய வீடியோ ஏதாவது ஒன்றில் பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பந்து தன்னிடம் வந்து சேருவதற்குள் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, மறுபடியும் இடது. பந்து வரும்போது யார் எங்கே என்ற கணக்கு முடிந்திருக்கும். நார்வேயைச் சேர்ந்த கெயிர் யோர்டெட் என்ற ஆராய்ச்சியாளர் வீரர்களின் இந்தத் தலைத் திருப்பலையே வீடியோ வைத்து எண்ணினார். பந்து வருமுன் அடிக்கடி திரும்பிப் பார்ப்பவர்களின் பாஸ்கள்தான் அதிகம் சரியாகப் போய்ச் சேர்கின்றன என்று கண்டார். பையன் நடக்கட்டும். தலையைத் திருப்பாமல் நடந்தால் அது வாக்கிங், அதற்குப் பார்க் இருக்கிறது.

கே: ரிக்கெல்மே, ரிக்கெல்மே என்று உருகுகிறீர்கள். பெரிய மேடையில் பெனால்ட்டியை விட்டவர்தானே அவர்? (புதுச்சேரி வாசகர்)

ப: விட்டார்தான். 2006 ஏப்ரல் 25, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. ஐம்பதாயிரம் பேர் வசிக்கும் ஊரின் வில்யாரியல் அணியை அவ்வளவு தூரம் கூட்டி வந்தவரே அவர்தான் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்ட்டியை ஆர்செனல் கோலி லேமன் தடுத்தார், இறுதி ஆட்டம் கைநழுவியது.

அதற்கு அடுத்த காட்சியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து பெர்லினில் உலகக் கோப்பைக் காலிறுதி. அர்ஜென்டினா 1-0 முன்னிலை, எதிரே ஜெர்மனி, கோலியாக அதே லேமன். 72ஆவது நிமிடத்தில் கோச் பெக்கர்மன் ரிக்கெல்மேயை வெளியே எடுத்துவிட்டு காம்பியாஸோவை அனுப்பினார். முன்னிலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம். பந்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவரை உட்காரவைத்துவிட்டால் பந்து யாரிடம் இருக்கும்? 80ஆவது நிமிடத்தில் க்ளோஸ சமன் செய்தார். ஷூட் அவுட்டில் லேமன் கடைசியாகத் தடுத்த உதை யாருடையது தெரியுமா? காம்பியாஸோவுடையது. பெக்கர்மன் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இன்னும் தீரவில்லை.

மேடை என்றீர்களே, 2000 நவம்பரில் டோக்கியோவில் நடந்த ஆட்டமும் மேடைதான். ரியல் மாட்ரிட்டை போகா ஜூனியர்ஸ் 2-1 என்று வென்றது. இரண்டாவது கோலுக்கு நீண்ட பாஸை பலெர்மோவுக்கு அனுப்பியவர் ரிக்கெல்மே, வயது அப்போது 22. அதன்பின் பந்தைத் தன் உடம்புக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு மக்கெலேலேயைச் சுற்றிச் சுற்றி வரவைத்தார். 2007இல் கோபா லிபர்டடோரஸ் இறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து கிரேமியோவுக்கு எதிராக மூன்று கோல். இடையில் பார்சிலோனாவில் வான் கால் அவரை ஓரத்துக்குத் தள்ளி ஆடவைத்தார். கிடைத்த வீணையைத் துணி காயப்போடவும் பயன்படுத்தலாம், யார் கேட்பது?

அந்த மாதிரி ஆட்டக்காரர் இன்று அபூர்வம்தான். எதிரணியிடம் பந்து இருக்கும்போது பதினொரு பேரும் துரத்த வேண்டும் என்று கோச்கள் எதிர்பார்க்கிறார்கள். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் இருந்த அந்த நாலு கெஜ நிலத்தில் இப்போது இரண்டு காவல் மிட்ஃபீல்டர்கள் குடியிருக்கிறார்கள். ஆட்டம் நடத்துகிற வேலை பின்வரிசைக்கும் ஓரங்களுக்கும் பிரிந்து போய்விட்டது.

கே: மெஸ்ஸி? (சேலம் வாசகர்)

ப: அவரைச் சேர்த்தால் மற்றவர்களை எழுத இடமிருக்காது. 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக மொலினாவுக்குக் கொடுத்த பாஸை மட்டும் நூறு தடவை பார்த்துவிட்டு உங்கள் கேள்வியை நீங்களே கிழித்துப் போட்டுவிடலாம்.

கே: நான் நிபுணன் இல்லை, டிவியில் பார்ப்பவன். பிளேமேக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது? (தஞ்சை வாசகர்)

ப: வந்த கேள்விகளில் உருப்படியானது இதுதான். அவர் காலுக்குப் பந்து வந்ததும் அவரைப் பார்க்காதீர்கள், கூட்டாளிகளைப் பாருங்கள். சாதாரண மிட்ஃபீல்டரிடம் பந்து வந்தால் மற்றவர்கள் நின்று ‘என்ன செய்யப்போகிறான்’ என்று பார்ப்பார்கள். பிளேமேக்கரிடம் வந்தால் அவர் நிமிர்வதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிடுவார்கள், பந்து வந்துசேரும் என்ற நம்பிக்கையில். என் அளவுகோல் இது ஒன்றுதான்.

உதாரணம், 2024 ஏப்ரல் 30, முனிக். பேயர்னுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. நடு மைதானத்தில் ரியல் மாட்ரிட்டின் டோனி குரூஸிடம் பந்து. ஸ்ட்ரைக்கர் வினிசியஸ் பந்து வாங்குவதுபோல அவரை நோக்கி வருகிறார். டிஃபென்டர் கிம் மின்-ஜே பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறார். குரூஸ் கையை நீட்டி ‘அங்கே’ என்று காட்டுகிறார், ஏதோ வழி கேட்டவருக்குச் சொல்வதுபோல. வினிசியஸ் சட்டென்று திரும்பிப் பறக்க, கிம் காலி செய்துவிட்டு வந்த இடத்துக்குள் பாஸ் போகிறது. கோல். கை காட்டியதை முனிக் மைதானமே பார்த்திருக்கும். பார்த்தும் தடுக்க முடியவில்லை.

எதிரணி பக்கமிருந்தும் ஒரு சோதனை உண்டு. யாருக்கு மட்டும் தனியாக ஆள் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். 2010 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் கோச் ஃபெர்குசன், மிலானின் பிர்லோவுக்கு பார்க் ஜி-சுங்கைக் காவல் வைத்தார். பார்க் அன்று பிர்லோவின் நிழலுக்கே இடம் தரவில்லை. யுனைடெட் 4-0. அந்த மிலானில் ரொனால்டினோவும் ஆடினார், ஆனால் ஃபெர்குசன் பயந்தது பிர்லோவுக்கு.

கே: சென்னையின் எஃப்.சி.யில் அப்படி யாராவது? (பெரம்பூர் வாசகர்)

ப: 2019-20இல் ரஃபேல் கிரிவெல்லாரோ. சீசன் பாதியில் ஓவன் காய்ல் கோச்சாக வந்தபின் அடிமட்டத்தில் கிடந்த அணி இறுதி ஆட்டம் வரை எழுந்து வந்ததில் அவர் கால்களுக்குப் பெரிய பங்கு. இறுதியில் ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி, அதுவும் கொரோனாவால் ஆளில்லாத கோவா மைதானத்தில். அழுவதற்குக்கூடக் கூட்டம் இல்லை.

கே: கடைசியாக ஒன்று. ஷாவியா, இனியெஸ்டாவா? மழுப்பக் கூடாது. (நெய்வேலி வாசகர்)

ப: ஷாவி. 2010 இறுதியில் 116ஆவது நிமிடத்தில் கோல் போட்டு ஸ்பெயினுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர் இனியெஸ்டாதான், ரெண்டு பேரைத் தாண்டிப் போகும் அழகிலும் அவர்தான் மேல். ஆனால் ஆட்டம் எப்போது வேகமெடுக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று முடிவு செய்தவர் ஷாவி. இனியெஸ்டா ரசிகர்கள் கண்டனக் கடிதங்களைத் தாராளமாக அனுப்பலாம். நான் அடுத்த வாரம் லீவு.