கரடித் தம்பியின் கண்டிப்பு

எழுத்துக்கும் உடல்வாகு உண்டு. பத்திரிகையின் உள்பக்கத்தில் வரிசை கட்டி நிற்பவை ஒல்லிப்பிச்சான்கள். கடைப் பலகையில் ஏறுபவை பயில்வான்கள். இரண்டிலும் சேராமல், விருந்து சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும் மாமாவைப் போல ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பலூ தம்பி.

மும்பையில் இருக்கும் எக் டைப் என்ற எழுத்துருக் குழுவினர் உருவாக்கியது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம் என்பதால் ஊரெல்லாம் பரவிவிட்டது. பலூ என்பது ஜங்கிள் புக் கரடிதான். கிப்ளிங் 1894-இல் புத்தகமாகத் தந்த பலூ, மோக்லிக்குக் காட்டுச் சட்டம் கற்பித்த வாத்தியார். பாடம் ஏறாவிட்டால் அறையும் விழும். 1967-இல் டிஸ்னி படத்துக்கு வந்ததும் அதே கரடி பாட்டுப் பாடிக்கொண்டு மரத்தில் முதுகு தேய்க்கும் பேர்வழியாகிவிட்டது. எழுத்துருவில் புகுந்திருப்பது சினிமாக் கரடி. வாத்தியார்க் கரடி புகுந்திருந்தால் எங்கள் அடுக்ககத்தில் ஒரு பிரச்சினை சுமுகமாக முடிந்திருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்குக் கரடி செய்தவர்கள், தேவநாகரிக்கு மட்டும் வெறும் பலூ என்று விட்டுவிட்டு மற்றவற்றுக்கு உறவுமுறை சேர்த்திருக்கிறார்கள். பஞ்சாபிக்குப் பாஜி, ஒடியாவுக்குப் பாய்னா, மலையாளத்துக்குச் சேட்டன். தெலுங்குக்குத் தம்முடு, கன்னடத்துக்குத் தம்மா, நமக்குத் தம்பி. மலையாளம் அண்ணன், தமிழ் தம்பி! மூத்த மொழி என்று மேடைக்கு மேடை முழங்கும் ஊரில் இதற்காக ஒருவரும் உண்ணாவிரதம் இருந்ததாகத் தெரியவில்லை. எழுத்தைப் பார்த்ததும் கோபம் வராததுதான் காரணமாக இருக்கும்.

தமிழைக் கொழுக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆங்கிலத்து எல்லுக்கு இரண்டே கோடு, தடிமனாக இழுத்தால் முடிந்தது. நம் மூணு சுழி 'ண'வை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு பருக்கப் பருக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை சுருங்கும். இன்னும் கொஞ்சம் பருத்தால் சுழியே அடைபட்டுப் போகும். அதனால் வளைவுகளில் யாருக்கும் தெரியாமல் சதையைக் குறைத்து, வெளிப்பக்கம் குண்டாகக் காட்ட வேண்டும். இதில் உகர ஊகார வரிசைகள் வேறு. பதினெட்டு மெய்க்கும் 36 வடிவங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வால் வீசும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை, னை முதலியவற்றின் யானைத் தும்பிக்கையை எடுத்துவிட்டார்கள். அது மட்டும் இருந்திருந்தால் கரடி உடம்பில் தும்பிக்கையும் தொங்கியிருக்கும். பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

சின்ன அளவில் இந்த எழுத்தைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு சுழியா மூன்று சுழியா என்று கண்ணாடியைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். பெரிதாகப் போட்டால்தான் அழகு. பழச்சாற்றுக் கடை, மழலையர் பள்ளி வாசல், குழந்தைப் புத்தக அட்டை, காதணி விழா ஃபிளெக்ஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கண்ணீர் அஞ்சலிக்குப் போட்டுவிடாதீர்கள். அன்னார் ஊட்டிக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வந்துவிடுவார் என்று தோன்றும்.

எங்கள் அடுக்ககச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அறிவிப்பு எழுதி, டிடிபி கடையில் கொடுத்தார். துணைக்கு நானும் போயிருந்தேன். திரையில் வந்த எழுத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னப்பா ஃபான்ட் இது?"

"தம்பி, சார்."

"உன்னைக் கேக்கல. ஃபான்ட் பேரைக் கேட்டேன்."

"அதான் சார், தம்பி. இப்ப இதுதான் ஓடுது."

ஓடுகிறது என்றதும் சமாதானமாகிவிட்டார். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய சாயங்காலமே, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வாண்டுகள் அதன் முன்னால் கூடிவிட்டன. யாருக்குப் பிறந்தநாள் என்று என்னிடம் கேட்டது ஒன்று. துண்டிக்கப்படும் என்ற சொல் அங்கே தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தது. இரண்டாம் மாடி அம்மாளுக்குப் படிக்கத் தெரியும். அவரும் அதைப் படிக்கவில்லை. புதிதாக ஐஸ்கிரீம் கடை எங்கே திறக்கிறார்கள் என்று காவலாளியிடம் விசாரித்தார்.

செயலாளர் மறுபடி கடைக்குப் போனார். "இன்னும் தடிமனாப் போடுப்பா, கண்டிப்பு தெரியட்டும்." பலூ முதலில் ஒரே தடிமனில்தான் வந்தது; பலூ 2 என்று பிறகு வந்ததில் ஐந்து தடிமன்கள். பையன் அதில் ஆகப் பருமனானதை எடுத்துப் போட்டான். மற்ற எழுத்துகள் பருத்தால் அதட்டும். இது பருத்தால் இன்னும் குஷியாகிவிடுகிறது. சிவப்பில் வேறு அடித்ததால் அறிவிப்புக்குத் திருவிழாக் களை வந்துவிட்டது. ஒல்லியானதைப் போட்டுப் பார்க்கலாமே என்றேன். பார்த்தோம். பட்டினி கிடந்த கரடி, ஆனாலும் சிரிப்பு மாறவில்லை.

கடைசியில் சிவப்புதான் ஒட்டப்பட்டது. மறுநாள் காலை, பாக்கி வைத்திருப்பதில் முதலிடம் பிடித்த மூன்றாம் மாடிக்காரர், மூடப்போகும் லிஃப்டுக்குள்ளிருந்து அதை ஒரு பார்வை பார்த்தார். மாலையில் அவராகவே செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஆண்டு விழா வைக்கிறீங்க போல. சந்தா எவ்வளவு சார்?"

முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் செயலாளர், அவருடைய பாக்கித் தொகையைப் பைசா சுத்தமாகச் சொன்னார்.