ஜாக்கெட் உருளைக்கிழங்கில் அகத்திணை: சில குறிப்புகள்

பிரிட்டனில் மதியச் சாப்பாடு என்ற பெயரில் நடக்கும் காரியங்களுள் அகத்திணை இலக்கணத்துக்கு அடங்குவது ஒன்றே ஒன்றுதான்: தோலோடு சுட்டு, நடுவில் கீறி, எதையாவது அள்ளிப் போட்ட உருளைக்கிழங்கு. அங்கே அதன் பெயர் ஜாக்கெட் பொட்டேட்டோ. நம் ஊரில் ஜாக்கெட் என்றால் வேறு. லண்டன் போன புதிதில், "மத்தியானம் என்னடா சாப்பிட்ட?" என்று போனில் கேட்ட அம்மாவிடம் "ஜாக்கெட்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பணம் ஏதாச்சும் அனுப்பட்டுமா?" என்றாள். இவ்வாய்வுக்கான விதை அன்று விழுந்தது.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது நாம் அறிந்ததே. இங்கே நிலம் கிழங்கு. அது மாவாக உதிரும் சாதியாக இருக்க வேண்டும். 1902இல் வந்த கிங் எட்வர்டும் 1966இல் வந்த மாரிஸ் பைப்பரும் தேறும். சாலட்டுக்குப் போடும் வழவழப்பான சின்னக் கிழங்கு தேறாது. அது வெண்ணெயை வாசலிலேயே நிறுத்திவிடும். பொழுது, 200 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். மைக்ரோவேவில் பத்து நிமிடத்தில் வெந்துவிடும் என்போர் உளர். வேகும், ஆனால் தோல் மழையில் நனைந்த தபால் உறைபோல் ஆகிவிடும். அலுமினியத் தாளில் சுற்றி அடுப்பில் வைப்பதும் சுடுவது ஆகாது, அவிப்பது. இட்லிக்குச் செய்ய வேண்டியதைக் கிழங்குக்குச் செய்வானேன்?

இத்துறையின் முன்னோடி ஹென்றி மேஹ்யூ. லண்டன் ஏழைகளின் பிழைப்பைப் பற்றி 1851இல் அவர் எழுதிய பெரிய நூலில் சுட்ட கிழங்கு வியாபாரிகளும் வருகிறார்கள். கரியடுப்பு வைத்த தகரப் பெட்டியில் கிழங்கைச் சூடாக வைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்பார்கள்; ஒரு கிழங்கு அரைப் பென்னி. மேலே போட உப்பும் வெண்ணெயும், அவ்வளவுதான். கை விறைக்காமல் இருக்க வாங்கியவர்களும் உண்டு. இதை 'கையில் பிடிக்கும் கணப்பு' எனத் தனி வகையாகக் கொள்ளலாமா என்று யோசித்தேன். வாயில் போடாத உணவைத் திணையில் சேர்க்க மனம் ஒப்பவில்லை.

இனி உரிப்பொருள். பீன்ஸும் சீஸும் கூடுவதே அன்பின் ஐந்திணை. பீன்ஸ் என்றால் பொரியல் செய்கிற பச்சைக் காயை நினைக்கக் கூடாது. தக்காளிச் சாற்றில் ஊறி டப்பாவில் வரும் வெள்ளைப் பயறு. அமெரிக்க ஹைன்ஸ் டப்பாவை முதலில் லண்டனில் விற்கத் தொடங்கியது ஃபோர்ட்னம் அண்ட் மேசன், சீமாட்டிகள் சாமான் வாங்கும் கடை. இன்று அதே டப்பா மாதக் கடைசியின் துணை. ஆனால் இதில் எது முதலில் என்பதில்தான் குடும்பங்கள் பிரிகின்றன. சீஸை அடியில் போட்டால் கீழே கிழங்கின் சூடு, மேலே பீன்ஸின் சூடு, இரண்டுக்கும் நடுவில் அது இழைஇழையாக உருகியே தீர வேண்டும். மேலே தூவினால் சலூன் தரையில் கிடக்கும் முடிபோல் அப்படியே கிடக்கும். கிரில்லில் வைத்துச் சிவக்க விடலாமே என்பது எதிர்க்கட்சியின் வாதம். கேன்டீனில் ஏது கிரில்?

களப்பணியும் செய்தேன். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் கரண்டியோடு நின்ற அம்மாள், "சீஸ் முதல்லயா, பீன்ஸ் முதல்லயா, லவ்?" என்று கேட்டார். நான் மேற்கண்ட காரணங்களை வரிசையாக விளக்க ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் பதினோரு பேர். இரண்டாவது காரணத்தில் இருந்தபோது பீன்ஸ் விழுந்துவிட்டது.

ஒருதலைக் காமமாகிய கைக்கிளைக்கு எடுத்துக்காட்டு, தட்டோரத்தில் வைக்கும் சாலட். இரண்டு வெள்ளரித் துண்டும் ஒரு தக்காளியும் கிழங்கையே பார்த்துக்கொண்டிருக்கும்; கிழங்கு திரும்பிப் பார்க்காது. பொருந்தாக் காமமாகிய பெருந்திணை, டூனா மயோனைஸ். ஃப்ரிட்ஜிலிருந்து வந்த மீனை ஆவி பறக்கும் கிழங்கின்மேல் ஏற்றுகிறார்கள். மீனும் சூடாவதில்லை, கிழங்குதான் ஆறிப்போகிறது. இதை விரும்பிச் சாப்பிடும் நல்ல மனிதர்கள் எனக்கு நண்பர்களாக இருக்கிறார்கள். அவர்களோடு நான் இதைப் பேசுவதில்லை.

கரோனேஷன் சிக்கனும் குளிர்ந்த மயோனைஸ்தான் என்றாலும் அதற்கு ஒரு சலுகை தரலாம். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விருந்துக்காக ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்பிரையும் உண்டாக்கிய பண்டம் அது. கோழியும் மயோனைஸும் கொஞ்சம் கறிப்பொடியும். முடிசூடிய ஏழாம் எட்வர்டின் பெயரைத் தாங்கிய கிழங்கில் இதைப் போட்டால் இரண்டு பட்டாபிஷேகம் ஒரே தட்டில் முடிந்துவிடும். சுவை அவ்வளவு சிலாக்கியமில்லை.

இஸ்தான்புல்லின் ஒர்த்தாகோய் கரையில் விற்கும் கும்பிர் தனி நூலுக்கு உரியது. கிழங்கின் சதையைத் தோலுக்குள்ளேயே வெண்ணெயும் காஷார் சீஸும் விட்டுப் பிசைந்து, அதன்மேல் சோளம், ஆலிவ், ஊறுகாய், சாசேஜ் என்று எல்லாரையும் ஏற்றுவார்கள். அது திணை இல்லை, பொதுக்கூட்டம்.

இந்த இடத்தில் கோட்பாடு முழுமை அடைந்திருந்தது. அப்போதுதான் பக்கத்து மேசைக்காரர், யாழ்ப்பாணத்துத் தம்பி, ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். "அண்ணை, உந்தச் சப்பைச் சாப்பாட்டை எப்பிடித்தான் தின்னுறியளோ. இந்தாங்கோ, உதுக்கு மேல கொஞ்சம் போட்டுப் பாருங்கோ."

சீனிச்சம்பல். வெங்காயம் எண்ணெயில் கருஞ்சிவப்பாகச் சுருண்டு, மிளகாயும் புளியும் சீனியுமாகப் பளபளத்தது. வெண்ணெய் உருகி ஊறிய கிழங்கில் அது இறங்கியதும் ஓரத்துத் தோல்வரை எண்ணெய் சிவப்பாகப் பரவியது. திணைமயக்கம் என்று குறித்துக்கொண்டேன். இரண்டாம் கரண்டிக்குப் பிறகு குறிப்பு எடுக்கவில்லை.

"என்ன போட்டிருக்கு இதுல?" என்று பிறகு கேட்டேன்.

"மாசிதான் அண்ணை, இடிச்சுப் போட்டது."

மாசிக்கருவாடு சூரை மீனில் செய்வது. சூரைக்குத்தான் ஆங்கிலத்தில் டூனா என்று பெயர். பெருந்திணைப் பகுதியை அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே தோலையும் சாப்பிட்டு முடித்தேன். தம்பி தன் தட்டிலிருந்த தோலை என் பக்கம் தள்ளினார்.